நாற்பது கல், நாற்பது ஆடு

சென்னையிலிருந்து வந்த ஓர் இணை இயக்குநருக்கு, கடத்தூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகிற சாலையில், ஏழாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் மூத்திரம் முட்டியது. பெரிய அதிகாரிக்கு எது முட்டினாலும் கடைசியில் அவஸ்தைப்படுவது சின்ன மனிதன்தான். அவர் ஜீப்பை நிறுத்தச் சொன்னார், இறங்கினார், கிலோமீட்டர் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கே ஒரு பன்றி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

காவியால் வரைந்த பன்றி. ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது. வயிறு கல்லில் இடம் போதாமல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. முப்பத்தோரு வருஷச் சேவையில் கீழே இருக்கிற எவரும் அவரை அப்படி நேருக்கு நேர் பார்த்துச் சிரித்ததில்லை. வந்த காரியம் பாதியில் நின்றுபோக, அவர் ஜீப்புக்குத் திரும்பி ஒரு குறிப்பைச் சொல்லி எழுதவைத்தார். அவர் கலை மகிழ்ச்சி மேம்பாட்டு வாரியத்தைச் சேர்ந்தவர்.

பன்றியை வரைந்தவன் பெயர் ஸ்தனிஸ்லாஸ். நெடுஞ்சாலையில் கூலி வேலை. பதினோரு வருஷமாக மஸ்டர் ரோல் என்கிற கூலிப்பட்டியலில் தினக்கூலி. வருகிற வருஷம் நிரந்தரமாகிவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் பொறுப்பில் எட்டு கிலோமீட்டர் சாலை. கிலோமீட்டருக்கு ஒரு பெரிய கல், இருநூறு மீட்டருக்கு ஒன்றாக நான்கு சின்னக் கல், ஆக மொத்தம் நாற்பது கல். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், புளியமரத்துக்குச் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை போட வேண்டும். சாயங்காலம் வாளியில் கொஞ்சம் காவி மிஞ்சும். மறுநாளைக்கு ஆகாது, மண்ணில் கொட்டவும் மனசு வராது. வயல் பக்கம் பார்த்த கல்லின் முதுகில், சுண்ணாம்பு அடிக்கிற பனைமட்டையின் நுனியைக் கடித்து நசுக்கி, எதையாவது இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவான்.

இன்னதுதான் வரையப்போகிறோம் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. கோழியாக ஆரம்பித்தது மூக்கு நீண்டு யானையாக முடியும். கடலைக் காட்டில் களை எடுக்கிற பெண்கள் எட்டிப் பார்த்து, இது என் மாமியார், இது ரேஷன்கடைக்காரர் என்று பெயர் வைப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அடுத்த வருஷம் அவனே அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு வேறொன்று இழுப்பான். போனதைப் பற்றி வருத்தப்பட்டதே கிடையாது.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. நெருக்கடி நிலைக் காலம். பஸ்கள் நேரத்துக்கு வந்தன. நேரத்துக்கு வராத மனிதர்கள் போலீஸ் ஜீப்பில் போனார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குச் சத்தம் போட்ட ஒருவனைப் போன மாதம் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவன் தன் எருமையிடம்கூட மெதுவாகத்தான் பேசினான். இப்படிப்பட்ட நாளில்தான் மேஸ்திரி மாரப்பன் நீளமான ஒரு காகிதத்தோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏப்பா ஸ்தனிசு, கல்லுக்குப் பின்னால என்னாத்தப்பா வரஞ்சு தொலச்ச? மெட்ராசுல இருந்து கடுதாசி வந்திருக்குது."

"பன்னிங்க மேஸ்திரி."

"வெறும் பன்னிதானே? ஆளுங்க யாரையும் வரையிலியே?"

வரையவில்லை என்றான் ஸ்தனிஸ்லாஸ். களை எடுக்கிற பெண்கள் அந்தப் பன்றிக்கு மேஸ்திரி என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள் என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

நெடுஞ்சாலைத் துறை அந்தப் பன்றியை அரசுச் சொத்துக்கு நேர்ந்த சேதம் என்றது. வாரியம் அதைக் கலை என்றது. இரண்டு அலுவலகங்களும் மூன்று மாதம் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதி, ஒரு முடிவுக்கு வந்திருந்தன. மாரப்பன் மூச்சு வாங்க அதைப் படித்தார்: மேற்படி பன்றி மகிழ்ச்சியோடு வரையப்பட்டிருப்பின் அது கலை, நபர் நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கப்படுவார். வேறெந்த மனநிலையில் வரையப்பட்டிருப்பினும் அது சேதம். பணி நீக்கமும் ஆறு மாதச் சிறையும். கூடவே வாரியத்தின் பொது விதி ஒன்றும் இருந்தது. கலைஞன் எவ்வித அச்சமும் அவசரமும் இன்றி, விளையாட்டாக, மனம் போன போக்கில் வரைதல் வேண்டும். தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

அன்றைக்கு மிஞ்சிய காவியை ஸ்தனிஸ்லாஸ் ஓடையில் கொட்டினான். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுவாரம் கலை மகிழ்ச்சி ஆய்வாளர் வந்தார். பெயர் தீர்த்தகிரி. வாரியத்தில் ஆள் பற்றாக்குறை என்பதால், ஏரியூர் பக்கம் மலேரியா ஒழிப்பில் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்த அவரை ஓராண்டுக்கு இங்கே மாற்றியிருந்தார்கள். காக்கி உடுப்பு அதேதான், தோள்பை அதேதான், டார்ச் விளக்கும் அதேதான். குடத்துக்குள் விளக்கடித்துக் கொசுப்புழு தேடிய கண், இப்போது மனிதன் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடியது. பார்த்து முடித்ததும் சுவரில் தேதி போடுகிற பழக்கத்தில் ஏழாவது கல்லின் முதுகிலும் பென்சிலால் தேதி போட்டார்.

"பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார் தீர்த்தகிரி. "பயந்தீங்கன்னா, சேதம்னு எழுத வேண்டி வரும்."

வாரியத்துக்குத் தனிப் படிவம் இன்னும் அச்சாகவில்லை. மலேரியாப் படிவத்தில் காய்ச்சல் என்ற சொல்லை அடித்து, மேலே மகிழ்ச்சி என்று எழுதிவைத்திருந்தார்கள். ஆய்வாளர் முறையாகக் கேட்டார். மகிழ்ச்சி எத்தனை நாளாக இருக்கிறது? விட்டு விட்டு வருகிறதா, தொடர்ந்து இருக்கிறதா? வரும்போது குளிர் உண்டா? வீட்டில் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா? ஸ்தனிஸ்லாஸ், எதைச் சொன்னால் நிரந்தரம், எதைச் சொன்னால் ஜெயில் என்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் உண்டு சார் என்றான். வீட்டில் சம்சாரத்துக்கும் லேசாக இருந்ததாகவும் இப்போது சரியாகிவிட்டதாகவும் சொன்னான்.

கடைசி வரியில் ரத்த மாதிரி என்றிருந்தது. அதை யாரும் அடிக்க மறந்துவிட்டார்கள். அடிக்காத வரியை விட்டுவிட ஆய்வாளருக்கு அதிகாரம் இல்லை. ஊசியால் விரல்நுனியைக் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மேலிடத்துக்கு அனுப்பினார். பதினைந்து நாள் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. மாதிரியில் மகிழ்ச்சி தென்படவில்லை. மீண்டும் எடுத்து அனுப்பவும்.

மட்டை பிடிக்கிற கையிலேயே மூன்று முறை குத்தினார்கள். மூன்று முறையும் தென்படவில்லை.

மதலேனம்மாள் அவன் மனைவி. அவள் அவன் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் வைத்துக் கட்டினாள். இவனைச் சிரிக்கவைப்பது தன் பொறுப்பு என்று அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் வேலைக்குப் போகுமுன் கண்ணாடியை முன்னால் பிடித்து, "எங்க, பல்லக் காட்டுங்க பார்க்கலாம்" என்பாள். ஆய்வாளரின் குறிப்பேட்டில் குறைந்தது எட்டுப் பல் தெரிய வேண்டும் என்று இருந்தது. ஸ்தனிஸ்லாசுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் ஏற்கெனவே போயிருந்தன. அந்தக் குறையை ஈடுகட்ட அவன் வாயைக் காதுவரை இழுத்தால், கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் கண்ணாடியைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். காணாமல்போன சாமானைத் தேடித்தருகிற அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, இவர் சிரிப்பைக் காணோம் சாமி, எங்க விழுந்துதுன்னும் தெரியல என்று முறையிட்டாள்.

முன்னறிவிப்பில்லாத ஆய்வுகளும் நடந்தன. மகிழ்ச்சி, ஆள் பார்க்காதபோதும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். ஸ்தனிஸ்லாஸ் சின்னக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பான். புளியமரத்துக்குப் பின்னாலிருந்து தீர்த்தகிரி பாய்ந்து வந்து வாயில் டார்ச் அடிப்பார். ஐந்து பல், ஆறு பல் என்று எண்ணி எழுதுவார். நாலு தடவை இப்படி நடந்தபின் ஸ்தனிஸ்லாஸ் மரத்தைக் கண்டாலே சிரித்தான். மரமில்லாத இடத்திலும் சிரித்தான். எதிரே பிணம் ஒன்று போனபோது சிரித்ததால், மாரப்பன் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆனால் மட்டையைக் காவியில் தோய்த்துக் கல்லின் முதுகுக்குக் கொண்டுபோனால் மட்டும் கை நின்றுவிடும். முன்பெல்லாம் அடுத்த கோடு தானாக வரும். இப்போது ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால், இது மகிழ்ச்சியான கோடா, சேதமான கோடா என்று ஒரு கேள்வி வந்து நின்றது.

கடைசியில் நாள் குறித்தார்கள். இணை இயக்குநர் நேரில் வந்து, ஸ்தனிஸ்லாஸ் மகிழ்ச்சியோடு வரைவதைத் தம் கண்ணாலேயே பார்ப்பார். காலை பதினோரு மணி, ஏழாவது கிலோமீட்டர். பன்றியின்மேல் புதுச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக வைக்க உத்தரவு.

தீர்த்தகிரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். சவரம் செய்த முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. மூன்று ரத்த மாதிரியும் தோற்றதற்கு அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். இன்றைக்கும் மகிழ்ச்சி வராவிட்டால், மகிழ்ச்சியை உண்டாக்கத் தவறியவர் என்று அவர்மீதும் நடவடிக்கை வரும். அதை அவர் மறைக்கவில்லை.

"வரைங்க ஸ்தனிஸ்லாஸ். ஒத்திகையா ஒண்ணு வரைங்க. அந்தப் பன்னியையே போடுங்க."

ஸ்தனிஸ்லாஸ் மட்டையை எடுத்தான். கல் வெள்ளை வெளேரென்று அவனைப் பார்த்தது. கை மேலே போனது, கல்லைத் தொடாமல் கீழே வந்தது. மறுபடி போனது. காவி சொட்டிக் காலில் விழுந்தது.

"வரமாட்டேங்குது சார்."

"என்னாத்துக்கு வரமாட்டேங்குது? இத்தனை நாள் வந்துச்சில்ல?"

"அப்ப யாரும் கேக்கலீங்க சார். இப்ப பயமா இருக்குதுங்க."

அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க என்று தீர்த்தகிரி காதைப் பொத்திக்கொண்டார். மணி பத்து ஐம்பது. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மலேரியா மாத்திரை சாப்பிடப் பயந்தவர்களுக்கு முன்னால் தானே ஒன்றைப் போட்டுக் காட்டியது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. இதிலே என்ன பயம், இப்படி இழுத்தால் ஆயிற்று என்று மட்டையைப் பிடுங்கிக் கல்லில் ஒரு கோடு போட்டார்.

மூன்றாம் வகுப்பில் வாத்தியாரைப் பலகையில் வரைந்து விரலில் அடி வாங்கியதற்குப் பிறகு அவர் போட்ட முதல் கோடு அது. கோணலாக ஓடியது. அதைச் சரிசெய்ய இன்னொன்று போட்டார். அது ஒரு முதுகு மாதிரி இருந்தது. முதுகு இருந்தால் கால் வேண்டுமே என்று நாலு கால் வைத்தார். நாலும் நாலு உயரம். தாடி ஒன்று தொங்கவிட்டதும் அது ஆடாகிவிட்டது. கடலை மூட்டைக்குக் கால் முளைத்து நடக்கப் பார்க்கிற ஓர் ஆடு. தீர்த்தகிரி அதை உற்றுப் பார்த்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு வயிறு குலுங்கியது. "ஆடுய்யா" என்று சொல்லி, காவிக் கையாலேயே தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, எட்டென்ன, இருபத்தெட்டுப் பல்லும் தெரியச் சிரித்தார். ஸ்தனிஸ்லாஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். தனக்கு முன்பு நடந்துகொண்டிருந்தது இதுதான் என்று அவனுக்கு விளங்கியது. பொறாமையாகக்கூட இருந்தது.

ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"வரைந்தது யார்?" என்றார் இணை இயக்குநர்.

தீர்த்தகிரியின் சிரிப்பு, பொங்குகிற பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி அடங்கியது. ஆய்வாளர் வரைவதற்கு எந்த விதியிலும் இடமில்லை. அரசுக் கல்லில் அனுமதியில்லாமல் வரைந்திருக்கிறார், அலுவல் நேரத்தில், உடுப்போடு. உதடு வெளுத்துப்போய், மட்டையை ஸ்தனிஸ்லாசின் கையில் திணித்து, "இவர்தானுங்க ஐயா" என்றார். ஸ்தனிஸ்லாஸ் மறுக்க வாயைத் திறந்தான். தீர்த்தகிரியின் காக்கித் தொடையில் காவிக் கை பதிந்திருப்பதைப் பார்த்தான். அதை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

இணை இயக்குநர் கல்லைச் சுற்றி வந்து, ஆட்டை அண்மையிலும் சேய்மையிலும் பார்த்தார். பிறகு, கூடியிருந்த பதினாறு அலுவலர்களையும் இரண்டு நாய்களையும் நோக்கிப் பேசினார்.

"நண்பர்களே, நான் கலைக்காகவே வாழ்பவன். இந்த முப்பத்தோரு ஆண்டுகளில் நான் ஒரு கோடுகூடக் கிழித்ததில்லை. ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்ததில்லை. அதனால்தான் எது மகிழ்ச்சி என்று நடுநிலையோடு சொல்ல என்னால் முடிகிறது. இதோ, இந்த ஆட்டின் கால்களைப் பாருங்கள். நாலும் நாலு அளவு. அச்சமுள்ளவன் இப்படி வரைவானா? இதுவே விடுதலை. இந்த விடுதலையை நாம் கைநழுவ விடலாகாது. ஆகவே இதே ஆடு, இதே அளவில், இதே நாலு கால்களோடு, மார்ச் முப்பத்தொன்றுக்குள் இச்சாலையின் நாற்பது கல்லிலும் இடம்பெற வேண்டும். ஓர் அங்குலம் மாறினாலும் அது மகிழ்ச்சியாகாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்தனிஸ்லாசும் தட்டினான். கையில் மட்டை இருந்ததால் காவி தெறித்து அவன் முகத்தில் விழுந்தது. அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

நிரந்தர ஆணை வந்தது. நாற்பது ஆடும் முடிந்தது. அளவெடுக்க ஒரு தகரத் தகடு கொடுத்திருந்தார்கள். முன்னங்கால் ஆறரை அங்குலம், பின்னங்கால் ஐந்தேகால், தாடி இரண்டு. பதினெட்டாவது கல்லில் வால் கால் அங்குலம் நீண்டதற்கு ஒரு மெமோ வந்தது. மாதாமாதம் முதல் தேதி, கடந்த மாதம் மகிழ்ச்சியோடு வரைந்தேன் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம். தீர்த்தகிரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தகரத் தகடும் கையுமாகக் கல் கல்லாக வந்து, தன் ஆட்டைத் தானே அளந்து சரியென்று எழுதினார். ஒருமுறை, கூட வந்தவர்கள் முன்னால் நடந்தபிறகு, ஸ்தனிஸ்லாசின் காதருகே குனிந்து, "ஒரே ஒரு தடவ நான் ஒண்ணு போடட்டுங்களா?" என்றார். ஸ்தனிஸ்லாஸ் மட்டையை நீட்டுமுன் அவரே பயந்துபோய், ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

ஊர்த் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த மத்தியானம், மதலேனம்மாள் வீட்டு உள்சுவருக்கு வெள்ளையடித்திருந்தாள். பெரிய வேலைக்காரர் ஆயிட்டீங்களே, வூட்டுக்கு ஒரு பன்னி போடக்கூடாதா என்றாள். ஸ்தனிஸ்லாஸ் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தான். சுவரில் வைத்தான். இழுத்தான். முதுகு வந்தது, கால் வந்தது, நாலும் நாலு உயரம், தாடி இரண்டு அங்குலம்.

"பன்னி கேட்டா ஆடு போடறீங்களே."

"கை இதுக்குத்தான் போவுது மதலே." அவன் கரியைக் கீழே வைத்தான். "எனக்கு வேற வரல. போயிருச்சு."

பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கிய வேலைக்காகத் தன்னிடமிருந்து என்ன கொடுத்தான் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது. மதலேனம்மாள் அந்தக் கரியை எடுத்தாள். அவள் வாழ்நாளில் எதையும் வரைந்தவள் இல்லை. ஆட்டின் வயிற்றுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கால் வைத்தாள்.

அவன் பதறி அவள் கையைப் பிடித்தான். அஞ்சு காலுக்கு ஆர்டர் கிடையாது என்றான். ஆர்டரை ஆடு வந்து கேக்கட்டும், இது நம்ம வூட்டுச் சுவரு என்று சொல்லி, ஆறாவது காலும் வைத்தாள். ஆறாவது கால் மிகவும் நீண்டு தரையைத் தொட்டுவிட்டது. அதை மடக்க வழி தெரியாமல் அதற்கு ஒரு செருப்பு மாட்டினாள். ஸ்தனிஸ்லாஸ் அந்தச் செருப்பைப் பார்த்தான். ஒற்றைச் செருப்போடு ஆடு எப்படி நடக்கும் என்று தோன்றியது. கரியை வாங்கி மற்ற கால்களுக்கும் செருப்புப் போட்டான். ஒன்று பெரிதாகிப்போனது. அதற்குள் ஒரு பன்றிக்குட்டியைப் படுக்கவைத்தான். யோசிக்கவில்லை, அதுவாக வந்து படுத்துக்கொண்டது. மதலேனம்மாள் சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி முன்னால் ஒன்பது மாதம் தேடிய சிரிப்பு, கூரை அதிர வந்தது.

பாதிச் சிரிப்பில் அவன் எழுந்து ஓடினான். கதவைச் சாத்தித் தாழ் போட்டான், சன்னலை அடைத்தான், அவளிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, வெளியே கேட்காமல் சிரித்தான்.